இரத்தப் புற்றுநோய்க்கான புதிய மருந்தின் முதற்கட்ட ஆய்வை எப்படி வாசிப்பது

வீட்டில் ஒருவருக்கு இரத்தப் புற்றுநோய் திரும்பி வந்துவிட்டது, கொடுத்த கீமோதெரபி எதற்கும் நோய் கட்டுப்படவில்லை என்ற நிலையில்தான் பெரும்பாலான குடும்பங்கள் ‘கிளினிக்கல் டிரையல்’ என்ற சொல்லை முதன்முதலாகக் கேட்கின்றன. அன்று இரவே யாராவது ஒருவர் கைப்பேசியில் தேடி, ஒரு புதிய மாத்திரையின் பெயரையும் அதன் பக்கத்தில் ஒரு சதவீதத்தையும் கண்டுபிடித்து விடுவார். அந்தச் சதவீதம் எதைக் குறிக்கிறது, எத்தகைய நோயாளிகளிடமிருந்து எடுக்கப்பட்டது, அந்தப் பலன் எத்தனை மாதம் நின்றது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால், மறுநாள் மருத்துவர் முன் உட்காரும்போது கேட்க வேண்டிய கேள்விகள் தாமாகவே வரும். அப்படிப் பிரித்துப் பார்ப்பதற்கு வழிகாட்டவே இதை எழுதுகிறேன். எந்த மருந்தை எடுக்க வேண்டும் என்று இதில் சொல்லவில்லை. அதை நோயாளியின் உடலையும் அறிக்கைகளையும் பார்த்த மருத்துவரே சொல்ல முடியும்.

பொதுப்படையாகப் பேசினால் எதுவும் பிடிபடாது என்பதால் ஒரு மருந்தை நெடுகிலும் கையில் வைத்துக்கொள்வோம். அதன் பெயர் ரெவுமெனிப். லுகேமியா என்பது வெள்ளணுக்களின் இரத்தப் புற்றுநோய். சில கடும் லுகேமியாக்களில் கேஎம்டி2ஏ என்ற மரபணு முறிந்து வேறொரு மரபணுவோடு ஒட்டிக்கொள்கிறது. கைக்குழந்தைகளுக்கு வரும் லிம்ஃபாய்டு லுகேமியாவில் (மற்றொரு பெரிய வகை மைலாய்டு) பெரும்பாலானவை இவ்வகையைச் சேர்ந்தவை. பெரியவர்களிடமும் இது உண்டு, வழக்கமான மருந்துகளுக்கு எளிதில் மசிவதில்லை. இப்படி ஒட்டிப் பிறந்த புரதம் தனியாக நின்று கேடு செய்வதில்லை. செல்லின் உட்கருவில் உள்ள மெனின் என்ற இன்னொரு புரதத்தைப் பற்றிக்கொண்டுதான், முதிர வேண்டிய செல்லை முதிர விடாமல் பிடித்து வைக்கிறது. என்பிஎம்1 மரபணுவில் மாற்றம் உள்ள லுகேமியாவும் இதே பிடியை நம்பியிருக்கிறது. ரெவுமெனிப் மெனினில் போய் உட்கார்ந்து அந்தப் பிடியை விடுவிக்கிறது. இலக்கு மருந்து என்று சொல்வது இத்தகைய மருந்தைத்தான்: வேகமாகப் பெருகும் செல்களையெல்லாம் தாக்காமல், நோய் எந்த ஒரு கண்ணியில் தொங்குகிறதோ அந்தக் கண்ணியைக் குறிவைப்பது. இதன் முதற்கட்ட ஆய்வின் முடிவு 2023 மார்ச்சில் நேச்சர் இதழில் வெளியானது. 2024 நவம்பர் 15 அன்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இந்த மருந்துக்கு ஒப்புதல் அளித்தது.

ஆய்வு கேட்கும் கேள்வி எது?

அறிக்கையைக் கையில் எடுத்ததும் பலன் எத்தனை சதவீதம் என்று தேடாமல், அந்த ஆய்வின் முதன்மை நோக்கம் என்று எழுதப்பட்டுள்ள வரியைத் தேடுங்கள். முதற்கட்ட ஆய்வு என்றால் அநேகமாக அங்கே ‘பாதுகாப்பு’, ‘தாங்கக்கூடிய அளவு’, ‘அடுத்த கட்டத்துக்குப் பரிந்துரைக்கும் அளவு’ என்ற சொற்களே இருக்கும். இந்த மருந்தை எத்தனை மில்லிகிராம் வரை மனித உடல் தாங்கும் என்பதே அங்கு கேட்கப்படும் கேள்வி. நோய் குணமாகுமா என்பது பக்கவாட்டில் கவனிக்கப்படும் செய்தி. இதை மறைத்து யாரும் நோயாளியைச் சேர்ப்பதில்லை. ஒப்புதல் படிவத்திலேயே எழுதியிருப்பார்கள். ஆனால் கவலையில் இருக்கும் குடும்பத்தின் கண் அந்த வரியைத் தாண்டிப் போய்விடும். அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

அளவை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால் அறிக்கையில் பாதி புரிந்துவிடும். பழைய, இன்றும் வழக்கத்தில் உள்ள முறையில் 3 பேருக்கு ஒரு குறைந்த அளவைக் கொடுத்து, பெரும்பாலும் 28 நாட்கள் கவனிப்பார்கள். மூவரில் யாருக்கும் முன்கூட்டியே வரையறுத்த கடுமையான நச்சு விளைவு வராவிட்டால் அடுத்த 3 பேருக்கு அளவு கூட்டப்படும். ஒருவருக்கு வந்தால் அதே அளவில் மேலும் 3 பேர் சேர்க்கப்படுவார்கள். இருவருக்கு வந்துவிட்டால் அளவு தாங்க முடியாதது என்று கீழே இறங்குவார்கள். இப்போது கணித மாதிரிகளைக் கொண்டு அளவை நகர்த்தும் முறைகளும் பரவிவிட்டன. எந்த முறையானாலும் நோயாளியின் குடும்பம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இப்போது நாங்கள் சேர்ந்தால் ஏணியின் எந்தப் படியில் சேர்கிறோம்? முதல் படியில் சேர்பவருக்கு நச்சு விளைவு குறைவாக இருக்கலாம். மருந்து வேலை செய்யும் அளவுக்குக் கீழேயும் இருக்கலாம். மேல்படியில் சேர்பவருக்கு நிலைமை தலைகீழாகும். அளவு முடிவான பிறகு, அதே அளவில் அதிகம் பேரைச் சேர்க்கும் விரிவாக்கப் பகுதியில் இடம் கிடைப்பது வேறு கணக்கு.

நாள்பட்ட மைலாய்டு லுகேமியாவுக்கான இலக்கு மருந்தான இமாடினிப்பின் முதற்கட்ட ஆய்வு இதற்குத் தெளிவான சான்று. 1998 ஜூனில் தொடங்கிய அந்த ஆய்வில், அப்போதைய வழக்கமான மருந்தான இன்டர்ஃபெரானுக்குக் கட்டுப்படாத நாள்பட்ட மைலாய்டு லுகேமியா நோயாளிகள் 83 பேருக்கு 25 மில்லிகிராம் முதல் 1000 மில்லிகிராம் வரை வெவ்வேறு அளவுகள் தரப்பட்டன. போர்ட்லாண்டைச் சேர்ந்த பிரையன் டிரக்கரும் சக ஆய்வாளர்களும் 2001இல் வெளியிட்ட முடிவின்படி, 300 மில்லிகிராமும் அதற்கு மேலும் பெற்ற 54 பேரில் 53 பேருக்கு இரத்த அணுக்களின் எண்ணிக்கை சீரானது. பலரும் மேற்கோள் காட்டும் இந்த எண்ணின் பகுதி, அதாவது ‘இத்தனை பேரில்’ என்ற கீழ் எண், 54 என்பதைக் கவனியுங்கள். மீதிப் பேர் ஏணியின் கீழ்ப்படிகளில் நின்றவர்கள்.

தாங்கக்கூடிய உச்ச அளவே சிறந்த அளவு என்ற எண்ணம் கீமோதெரபி காலத்தில் பிறந்தது. இலக்கு மருந்துக்கு அது பொருந்தாமல் போகலாம் என்பதைப் பொனாடினிப் என்ற மருந்து கடுமையாகக் கற்றுக்கொடுத்தது. வேறு மாத்திரைகளுக்கு மசியாத நாள்பட்ட லுகேமியாவில் அது வியக்கத்தக்க பலன் தந்தது. முதற்கட்ட ஆய்வில் அளவைக் கட்டுப்படுத்திய நச்சு விளைவு கணையத்தில் தெரிந்தது; அதைக் கணக்கில் கொண்டு 45 மில்லிகிராம் தேர்ந்தெடுக்கப்பட்டு, 2012 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதலும் கிடைத்தது. ஆனால் நோயாளிகள் மாதக்கணக்கில் மருந்தை எடுத்த பிறகுதான் தமனிகள் அடைபட்டு மாரடைப்பும் பக்கவாதமும் வருவது தெளிவானது. 2013 அக்டோபரில் விற்பனை நிறுத்தப்பட்டு, கடுமையான எச்சரிக்கைகளுடன் மீண்டும் வந்தது. பிற்பாடு நடந்த ஓர் ஆய்வின் வழியே, 45 மில்லிகிராமில் தொடங்கி, பலன் கிடைத்ததும் 15 மில்லிகிராமாகக் குறைக்கும் முறை ஏற்கப்பட்டது. முதல் 28 நாட்களின் சன்னல் வழியே பார்த்தால் கணையம் தெரிந்தது, தமனி தெரியவில்லை. ஆகவே ஒரு முதற்கட்ட அறிக்கையில் நச்சு விளைவுப் பட்டியலைப் பார்க்கும்போது, அது எத்தனை நாள் கண்காணிப்பில் எழுதப்பட்டது என்ற வரியையும் சேர்த்துப் பாருங்கள். 2021இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ‘ஆப்டிமஸ்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, உச்ச அளவோடு நில்லாமல் பல அளவுகளை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்குமாறு நிறுவனங்களைக் கேட்பதற்கும் இதுபோன்ற அனுபவங்களே காரணம்.

பதிவேட்டில் சரிபார்த்தல்

இது அரை மணி நேர வேலை. ஒவ்வொரு ஆய்வுக்கும் ஒரு பதிவு எண் இருக்கும். அமெரிக்கப் பதிவேட்டில் அது என்சிடி என்ற எழுத்துகளோடு 8 இலக்கங்களாக இருக்கும். ரெவுமெனிப் ஆய்வின் எண் என்சிடி04065399. இந்தியாவில் நடக்கும் ஆய்வுகள் 2007இல் தொடங்கப்பட்ட சிடிஆர்ஐ பதிவேட்டில் பதிவாக வேண்டும். 2009 ஜூன் முதல் அது கட்டாயம். எண்ணைத் தட்டியதும் ஆய்வு இன்னும் ஆட்களைச் சேர்க்கிறதா, எந்த ஊர்களில் நடக்கிறது, யாரைச் சேர்க்க மாட்டார்கள் என்பவை தெரியும். பதிவில் செய்யப்பட்ட மாற்றங்களின் வரலாறும் அமெரிக்கப் பதிவேட்டில் இருக்கிறது. முதன்மை நோக்கம் நடுவழியில் மாற்றப்பட்டிருந்தால் அங்கே அகப்படும். எண் கேட்டால் தர மறுக்கும் ஆய்வில் சேராதீர்கள். ‘டிரையல்’ என்று சொல்லிக்கொண்டு மருந்துக்குப் பணம் கேட்டாலும், பதிவேட்டைப் பார்த்து அந்த ஆய்வின் நெறிக்குழுவிடம் (பங்கேற்பாளர்களின் நலனைக் காக்கும் எத்திக்ஸ் கமிட்டி) விசாரிக்காமல் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.

சேர்க்கைக்கான தகுதிப் பட்டியலைப் படிக்கும்போது, நோயாளியின் மரபணு அறிக்கை எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது என்று பாருங்கள். நோய் முதலில் கண்டறியப்பட்டபோது எடுத்த அறிக்கையை வைத்து, திரும்பி வந்த நோய்க்கு இலக்கு மருந்து தேடுவது அடிக்கடி நடக்கும் பிழை. எஃப்எல்டி3 போன்ற மரபணுக்களில் வரும் மாற்றங்கள் இடையில் மறையவும் புதிதாக முளைக்கவும் செய்யும். எலும்பு மஜ்ஜையை மீண்டும் எடுத்துப் பரிசோதிக்கச் சொன்னால் வலிக்குமே என்று தயங்காதீர்கள். குறிவைக்க வேண்டிய இலக்கு இன்னமும் அங்கே இருக்கிறதா என்று அறிய அதுவே உறுதியான வழி.

எத்தனை பேரில் எத்தனை பேர்

ரெவுமெனிப்பின் முதற்கட்ட ஆய்வில் மருந்து எடுத்தவர்கள் 68 பேர். அவர்களில் 60 பேருக்குத்தான் மருந்து குறிவைக்கும் மரபணுக் கோளாறு இருந்தது: 46 பேருக்குக் கேஎம்டி2ஏ முறிவு, 14 பேருக்கு என்பிஎம்1 மாற்றம். பக்கவிளைவுகளை 68க்குக் கணக்கிட்டிருப்பார்கள், பலனை 60க்குக் கணக்கிட்டிருப்பார்கள். அந்த 60 பேரில் 18 பேருக்கு, அதாவது 30 சதவீதத்தினருக்கு, நோய் தணிந்தது. ஒரே கட்டுரைக்குள் பகுதி எண் இப்படி மாறுவது தவறில்லை; ஆனால் வாசிப்பவர் கவனிக்காவிட்டால் எண்கள் ஒன்றோடொன்று குழம்பும். நான் இத்தகைய கட்டுரையைப் படிக்கும்போது ஒரு தாளில் சதவீதங்களை எழுதாமல், ‘இத்தனை பேரில் இத்தனை பேர்’ என்றே எழுதிக்கொள்வேன். 30 சதவீதம் என்று சொல்லும்போது மனதில் எழும் உறுதி, 60 பேரில் 18 பேர் என்று எழுதும்போது எழுவதில்லை. அப்படி எழாமலிருப்பதே நல்லது. 60 பேரில் 18 பேர் என்றால், உண்மையான விகிதம் ஏறத்தாழ 19 சதவீதத்திலிருந்து 43 சதவீதம் வரை எங்கும் இருக்கலாம் என்று புள்ளியியல் சொல்கிறது.

பின்னர் நடந்ததும் இந்த எச்சரிக்கையை ஒட்டியே இருந்தது. ஒப்புதலுக்கு அடிப்படையான 104 பேரில், அனைவரும் கேஎம்டி2ஏ முறிவு உள்ளவர்கள், 21.2 சதவீதத்தினருக்கே, அதாவது 22 பேருக்கே, அதே அளவுகோலின்படி நோய் தணிந்தது. முதற்கட்டத்தில் யாரும் பொய் சொல்லவில்லை. ஆள் குறைவாக இருக்கும்போது எண் இப்படி ஆடும். பெரும்பாலும், ஆள் கூடக் கூட அது கீழ்நோக்கி வரும். எனவே முதற்கட்ட அறிக்கையில் காணும் சதவீதத்தை அதன் மேல்வரம்புக்கு அருகே வைத்துப் பார்க்காமல் கீழ்வரம்புக்கு அருகே வைத்துத் திட்டமிடுமாறு நான் சொல்வேன்.

அந்த 60 பேர் எத்தகையவர்கள் என்பதும் முக்கியம். அவர்கள் அதற்கு முன்பே பெற்றிருந்த சிகிச்சைகளின் இடைநிலை எண்ணிக்கை 4. ஏறத்தாழ பாதிப் பேர் ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சையும் செய்துகொண்டு, அதன் பிறகும் நோய் திரும்பியவர்கள். இவ்வளவு அடிபட்ட உடல்களில் 60க்கு 18 என்பது பெரிய செய்திதான். வேறு மருந்து கட்டுரையில் 70 சதவீதம் என்று பார்த்து இதைவிட அது மேல் என்று முடிவுகட்டுவதற்கு முன், அங்கே சேர்ந்தவர்கள் எத்தனை சிகிச்சைகளுக்குப் பிறகு வந்தவர்கள் என்று பாருங்கள்.

பலன் என்ற சொல்லுக்குள்

இதே ஆய்வில் 53 சதவீதம் என்று ஓர் எண்ணும் 30 சதவீதம் என்று ஓர் எண்ணும் அருகருகே நிற்கின்றன. செய்தித்தாள் முதல் எண்ணை எடுக்கும். நீங்கள் இரண்டாவதைப் பாருங்கள். முழுத் தணிவு என்றால் எலும்பு மஜ்ஜையில் பிளாஸ்ட் எனப்படும் முதிராத செல்கள் 5 சதவீதத்துக்குக் கீழ் இறங்கியிருக்க வேண்டும். அதோடு இரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு நியூட்ரோஃபில்கள் (தொற்றை எதிர்க்கும் வெள்ளணுக்கள்) 1000க்கும் தட்டணுக்கள் 1 லட்சத்துக்கும் குறையாமல் ஏறியிருக்க வேண்டும். அணுக்கள் ஓரளவே மீண்டிருந்தால், அதாவது நியூட்ரோஃபில்கள் 500க்கு மேலும் தட்டணுக்கள் 50 ஆயிரத்துக்கு மேலும் இருந்தால், அது பகுதி மீட்சியுடன் கூடிய முழுத் தணிவு. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் 30 சதவீதம். மஜ்ஜையில் புற்றுச்செல் குறைந்தும் இரத்த அணுக்கள் அந்த அளவுக்கு மீளாதவர்களையும் சேர்த்துக் கூட்டினால் 53 வருகிறது.

வீட்டில் இதன் பொருள் என்ன? அணுக்கள் மீளாதவர் இன்னமும் வாரத்துக்கு இருமுறை தட்டணு ஏற்றிக்கொள்ள மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருப்பார், சின்னக் காய்ச்சலுக்கும் அங்கே அனுமதிக்கப்படுவார். அதனால்தான் இரத்தம் ஏற்றுவதிலிருந்து விடுதலை கிடைத்தவர்கள் எத்தனை பேர் என்று தனியே சொல்கிறார்கள். ரெவுமெனிப்பின் ஒப்புதல் தரவில், தொடக்கத்தில் இரத்தமோ தட்டணுவோ ஏற்றிக்கொண்டிருந்த 83 பேரில் 12 பேர் தொடர்ந்து 56 நாட்கள் எதுவும் ஏற்றாமல் இருக்க முடிந்தது. என் பார்வையில், நோயாளியின் அன்றாடத்துக்கு மிக நெருக்கமான எண் இதுவே, ஆனால் சுருக்கங்களில் இது கடைசி வரியில் கிடக்கும்.

தணிவு அடைந்தவர்களில் எச்ச நோயும் காணப்படாதவர்கள் எத்தனை பேர் என்பது அடுத்த கேள்வி. நுண்ணோக்கிக்குத் தென்படாத புற்றுச்செல்களை ஃபுளோ சைட்டோமெட்ரி போன்ற கருவிகள் பத்தாயிரத்தில் ஒன்று என்ற அளவு வரை தேடுகின்றன. முதற்கட்ட ஆய்வில் தணிவு பெற்றவர்களில் 78 சதவீதத்தினரிடம் எச்ச நோய் காணப்படவில்லை. இதுவும் 18 பேரின் கணக்கு என்பதை மறக்க வேண்டாம்.

எத்தனை மாதம்

இமாடினிப்புக்கு ஒரு நிமிடம் திரும்புவோம். நாள்பட்ட கட்டத்தில் 54க்கு 53 என்று பலன் தந்த அதே மருந்தை, அதே ஆய்வுக் குழுவினர், நோய் முற்றிய பிளாஸ்ட் கட்டத்தில் இருந்தவர்களுக்கும் இமாடினிப் குறிவைக்கும் அதே மரபணுக் கோளாறான பிலடெல்பியா குரோமோசோம் உள்ள லிம்ஃபாய்டு லுகேமியா நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். மைலாய்டு வகையில் 38 பேரில் 21 பேருக்கும் லிம்ஃபாய்டு வகையில் 20 பேரில் 14 பேருக்கும் பலன் தெரிந்தது. ஆனால் லிம்ஃபாய்டு நோயாளிகளில் பலன் கண்டவர்களுள் பெரும்பாலோருக்குச் சில மாதங்களுக்குள் நோய் திரும்பியது. இலக்கு ஒன்று, மாத்திரை ஒன்று. நோயின் கட்டம் மாறியதும் பலன் நிற்கும் காலம் மாறிவிட்டது. கடும் இரத்தப் புற்றுநோயில் முதற்கட்ட ஆய்வைப் படிப்பவர் பலன் வந்ததா என்பதற்கு நிகராக, எவ்வளவு நாள் நின்றது என்பதையும் தேட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ரெவுமெனிப்பில் முதற்கட்டத்தின்படி தணிவு நின்ற காலத்தின் இடைநிலை அளவு 9.1 மாதம், ஒப்புதல் தரவில் அது 6.4 மாதம். இடைநிலை அளவு என்றால் தணிவு பெற்றவர்களில் பாதிப் பேருக்கு அதைவிடக் குறைவாகவும் பாதிப் பேருக்கு அதைவிட அதிகமாகவும் நின்றது என்று பொருள். எல்லோருக்கும் ஆறரை மாதம் என்று பொருளாகாது. கட்டுரையில், மாதங்கள் போகப் போக எத்தனை பேருக்குத் தணிவு நிற்கிறது என்று காட்டும், படிக்கட்டுபோல் இறங்கும் கோடு ஒன்று இருக்கும். கோட்டின் வலப்பக்க நுனி தட்டையாக நீண்டிருப்பதைப் பார்த்து மகிழ்வதற்கு முன், வரைபடத்துக்கு அடியில் சிறிய எழுத்தில் ஓடும் எண்வரிசையைப் பாருங்கள். அந்த மாதத்தில் இன்னும் கண்காணிப்பில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று அது சொல்லும். பல கட்டுரைகளில் அந்த நுனியைத் தாங்கி நிற்பவர்கள் 2 பேராகவோ 3 பேராகவோ இருப்பார்கள். கோட்டின்மேல் இருக்கும் சின்னஞ்சிறு குறுக்குக் கீறல்கள், அதற்குப் பிறகு என்ன ஆனது என்று இன்னும் தெரியாத நோயாளிகளைக் குறிக்கின்றன. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு கிடைக்கோடு வரைந்த படமும் இருக்கும். கோட்டின் முனையில் அம்பு இருந்தால் அவர் மருந்தைத் தொடர்கிறார். முதற்கட்டக் கட்டுரையில் அதிக நேரம் செலவிட வேண்டிய படம் இதுதான், ஏனெனில் அதில் சராசரிகள் இல்லை, தனித்தனி மனிதர்கள் இருக்கிறார்கள்.

பலன் ஏன் நிற்காமல் போகிறது என்பதற்கும் இந்த மருந்தில் விடை கிடைத்தது. மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களைத் தொடர்ந்து பரிசோதித்தபோது, ஏறத்தாழ ஐந்தில் இருவரிடம் மெனின் புரதத்தை உருவாக்கும் எம்இஎன்1 மரபணுவிலேயே புதிய மாற்றம் தோன்றியிருந்தது. மருந்து உட்காரும் குழியின் வடிவம் மாறிவிட, மருந்து நழுவுகிறது. புற்றுப் புரதமோ முன்போலவே பற்றிக்கொள்கிறது. மருந்து சரியான இலக்கைத் தாக்கியது என்பதற்கு இதைவிட உறுதியான சான்று வேண்டியதில்லை, ஆனாலும் நோயாளிக்கு அது இழப்புதான். நோய் திரும்பினால் இந்த மாற்றத்தைத் தேடிப் பரிசோதிப்பார்களா என்று முன்கூட்டியே கேட்டு வைக்கலாம்.

பக்கவிளைவுப் பட்டியல்

20 பேரில் ஒருவருக்கும் வராத விளைவு என்றால் அது வராது என்று ஆகாது. அதன் உண்மையான வாய்ப்பு 14 சதவீதம் வரைகூட இருக்கலாம். ஆகவே பட்டியலில் இல்லாதவற்றை விட்டுவிட்டு, இருப்பவற்றில் உயிருக்கு உலை வைக்கக்கூடியவை எவை என்று பாருங்கள். ரெவுமெனிப்பில் அவை இரண்டு.

ஒன்று, இதயத்தின் மின்னோட்டத்தில் கியூடி இடைவெளி, அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் கீழறைகள் மின்னேறி மீள எடுக்கும் நேரம், நீள்வது. 13 சதவீதத்தினரிடம் அது மூன்றாம் தர அளவுக்கு, அதாவது கடுமையான அளவுக்கு, நீண்டது. இது வெளியே தெரியாது, ஈசிஜியில்தான் தெரியும். ஆனால் பொட்டாசியமும் மக்னீசியமும் குறைந்த நாளில், அதாவது இரண்டு நாள் வயிற்றுப்போக்குக்குப் பிறகு, அது திடீர் இதயத் துடிப்புக் கோளாறாக மாறலாம். வாந்திக்கும் தொற்றுக்கும் தரும் சில மாத்திரைகள்கூட கியூடி இடைவெளியை நீட்டுபவை. எனவே பக்கத்து மருந்துக்கடையில் வாங்கும் எந்த மாத்திரையையும் ஆய்வு மருத்துவரிடம் கேட்காமல் தரக் கூடாது.

மற்றொன்று, முதிர்வு நோய்த்தொகுதி. மருந்து வேலை செய்யத் தொடங்கியதும், அடைபட்டுக் கிடந்த புற்றுச்செல்கள் ஒரே நேரத்தில் முதிரத் தொடங்கி, அழற்சியைக் கிளப்புகின்றன. காய்ச்சல், மூச்சுத் திணறல், கால் வீக்கம், சில நாட்களில் ஏறும் உடல் எடை, தாழும் இரத்த அழுத்தம் என்று அது வரும். முதற்கட்டத்தில் 16 சதவீதத்தினருக்கு இது வந்தது. பார்ப்பவர்களுக்கு நிமோனியா என்று தோன்றும். வெள்ளணுக்கள் ஏறுவதைப் பார்த்து நோய் முற்றுகிறது என்றும் தோன்றும். உரிய நேரத்தில் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கும். தாமதித்தால் உயிரைப் பறிக்கும். இரத்தவியல் மருத்துவர்களுக்கு இது புதிதில்லை. புரோமைலோசைட்டிக் லுகேமியாவில் ஆர்செனிக் டிரையாக்சைடு தரும்போதும் இதே தொகுதி வரும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1998 முதல் 2004 வரை அந்த மருந்தையே அடிப்படையாகக் கொண்டு 72 பேருக்குச் சிகிச்சை தந்து, 86 சதவீதத்தினரிடம் முழுத் தணிவு கண்டவர்கள் அதை நன்கறிவார்கள். ஆனால் நள்ளிரவில் அருகிலுள்ள மருத்துவமனையில் பணியில் இருக்கும் இளம் மருத்துவருக்கு அது உடனே தோன்றாமல் போகலாம். எனவே ஆய்வுக் குழு தரும் அடையாள அட்டையை, மருந்தின் பெயரும் 24 மணி நேரத் தொலைபேசி எண்ணும் உள்ளதை, நோயாளியின் சட்டைப்பையில் ஒன்றும் வீட்டுக் கதவருகே ஒன்றுமாக வையுங்கள். தினமும் காலையில் எடை பார்த்து எழுதி வையுங்கள்.

சில வேளை மருந்தின் வேகமே ஆபத்தாகும். வெனெட்டோகிளாக்ஸ் மருந்தின் முதற்கட்டத்தில், நாள்பட்ட லிம்ஃபாய்டு லுகேமியா நோயாளிகள் 56 பேருக்கு அளவு கூட்டிப் பார்த்தபோது, புற்றுச்செல்கள் ஒரேயடியாகச் சிதைந்து இரத்தத்தில் பொட்டாசியமும் யூரிக் அமிலமும் கொட்டியதால் 3 பேர் கடுமையாகப் பாதிக்கப்பட்டனர். அவர்களில் ஒருவர் இறந்தார். அதன் பிறகு வாரந்தோறும் படிப்படியாக ஏற்றும் முறை வகுக்கப்பட்டு, அடுத்துச் சேர்ந்த 60 பேரிடம் அத்தகைய பாதிப்பு வரவில்லை. இன்று அந்த லுகேமியாவுக்கு அதை 20 மில்லிகிராமில் தொடங்கி, 50, 100, 200 என்று ஐந்தாம் வாரத்தில் 400க்குக் கொண்டுபோவதன் பின்னே அந்த மரணம் இருக்கிறது.

ஒப்புதல் படிவமும் முதல் நாளும்

இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி, பங்கேற்பாளருக்குப் புரியும் மொழியில் விளக்கம் தரப்பட வேண்டும், படிவத்தின் நகல் அவர் கையில் இருக்க வேண்டும், ஆய்வினால் நேரும் பாதிப்புக்கு இலவச மருத்துவமும் இழப்பீடும் உண்டு. படிவத்தில் தொழில், ஆண்டு வருமானம், வாரிசாக நியமிப்பவரின் பெயர் ஆகியவற்றைக் கேட்கும்போது பலர் துணுக்குறுகிறார்கள். ஆய்வினால் இறப்பு நேர்ந்தால் இழப்பீடு யாருக்குப் போக வேண்டும் என்பதற்காகவே வாரிசின் பெயர் கேட்கப்படுகிறது. அதைக் காலியாக விடாதீர்கள். கையெழுத்தை அன்றே போட வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. வீட்டுக்கு எடுத்துச் சென்று படித்து, நெறிக்குழுவின் தொலைபேசி எண் அதில் இருக்கிறதா என்று பார்த்து, மறுநாள் கேள்விகளோடு வரலாம். சேர்ந்த பிறகும் எந்த நாளிலும் விலகலாம். அதனால் வழக்கமான சிகிச்சை மறுக்கப்படக் கூடாது.

வேறு மருந்துகளைப் பற்றிய பகுதியைப் படிக்க வீட்டில் பொறுமையான ஒருவரை அமர்த்துங்கள். பூஞ்சைத் தொற்றைத் தடுக்கத் தரும் போசகோனசோல் போன்ற மருந்துகள் கல்லீரலில் ரெவுமெனிப் சிதைவதைத் தடுத்து, இரத்தத்தில் அதன் அளவை ஏற்றிவிடும். அதனால் ஆய்வே இரண்டு பிரிவாக நடந்தது. இன்றும் 40 கிலோவும் அதற்கு மேலும் எடை உள்ளவருக்குச் சாதாரணமாக 270 மில்லிகிராம் தினம் இருவேளை என்றால், அத்தகைய மருந்தோடு சேரும்போது 160 மட்டுமே. கிரேப்ஃப்ரூட், பம்ப்ளிமாஸ் வகைப் பழங்களும் இதே வழியில் சில மருந்துகளோடு மோதும். அக்கறையோடு உறவினர் கொண்டுவந்து தரும் கஷாயமும் லேகியமும் என்ன சேர்ந்தவை என்று யாருக்கும் தெரியாது. கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

முதல் மாத்திரை நாள் நீளமானது. மாத்திரைக்கு முன் ஒரு குழாய் இரத்தம். பிறகு அரை மணி, ஒரு மணி, இரண்டு மணி, நான்கு மணி, எட்டு மணி என்று ஊசி கழற்றாத கையிலிருந்து மீண்டும் மீண்டும் எடுப்பார்கள். இடையிடையே மூன்று மூன்றாக ஈசிஜி எடுப்பார்கள். மருந்து உடலில் ஏறி இறங்கும் பாதையை வரைவதற்கு அந்த நிமிடங்கள் துல்லியமாக இருக்க வேண்டும் என்பதால், செவிலியர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார். சாப்பாட்டு நேரமும் அதற்குக் கட்டுப்பட்டதுதான். மாத்திரைக் குறிப்பேட்டில் எடுத்த மணியை எழுதி, காலிப் புட்டியைத் திருப்பித் தர வேண்டும். விட்டுப்போன வேளையை எழுதாமல் மறைத்தால், அடுத்த படியில் சேரப்போகும் மூவருக்கான அளவு பொய்க் கணக்கில் முடிவாகும்.

கடைசியாக, மருந்து வேலை செய்தால் அடுத்தது என்ன என்பதைச் சேர்வதற்கு முன்பே பேசிவிட வேண்டும். ரெவுமெனிப் எடுத்த 104 பேரில் 24 பேர் அதன் உதவியால் ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை வரை போனார்கள். இந்நோயில் நீண்ட காலம் பிழைப்பதற்கான வழி பலருக்கும் அதுவே. தணிவு நிற்பது சில மாதங்கள்தான் என்றால், கொடையாளரைத் தேட அந்த மாதங்களைச் செலவழிக்க முடியாது. எனவே சகோதர சகோதரிகளின் எச்எல்ஏ (கொடையாளரின் திசு பொருந்துகிறதா என்று பார்க்கும்) பரிசோதனைக்கான இரத்தத்தை ஆய்வில் சேரும் வாரத்திலேயே கொடுத்துவிடலாமா, அதற்கு ஆகும் செலவு யாருடையது, மாற்றுச் சிகிச்சைக்குப் பிறகு இதே மாத்திரையைத் தொடர ஆய்வு அனுமதிக்குமா, ஆய்வு முடிந்துவிட்டால் பலன் கண்டவருக்கு மருந்து தொடர்ந்து கிடைக்குமா என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் சென்று, பதில்களை மருத்துவர் சொல்லச் சொல்ல அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள்.